ஞாயிற்றுக்கிழமை பாய்லர்

மார்ச் 3, செவ்வாய்

துணி வாங்கும் கவுண்டரின் முதலாளி, என் மகள் அவர்களுக்கு, சலவைக்கூடத்திலிருந்து அப்பா எழுதுவது.

என் நம்பரை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். நல்லது, தடுத்துக்கொள். ஆனால் நம் வேன் டிரைவர் ஹாரனை உன்னால் தடுக்க முடியாது. தெருமுனையிலேயே கையை ஹாரனில் வைத்தால் வாசல் வரை எடுக்காத மனுஷன். காலையில் உன் கவுண்டரிலிருந்து அழுக்கை ஏற்றி வருகிறார், சாயங்காலம் இங்கிருந்து வெளுத்ததை ஏற்றிப் போகிறார். வெளுத்த மூட்டையின் மேலே இந்தக் கடிதம் இருக்கும். எட்டாம் வகுப்புக் கையெழுத்து. ஒன்பதாம் வகுப்புக்கு நான் போகவில்லை. அதுவும் என்னைத் தேடி ஆள் அனுப்பவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை சட்டை மூட்டைகளுக்குப் பின்னால் ஹோட்டல் படுக்கை விரிப்புகள் மலை மாதிரி வந்து இறங்கின. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சிவப்புச் சீட்டு. இஸ்திரி மேஜையை விட்டு வந்து நம் இஸ்திரிக்காரன் மடிப்பு அதைச் சத்தமாகப் படித்தான். "தினசரி. ஞாயிறு உட்பட." படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "முதலாளி, ஞாயிறுன்னா நம்ம ஞாயிறா, இல்ல வேற ஏதாவது ஞாயிறா?"

அவன் கேட்டதையேதான் நானும் கேட்கிறேன். யாரைக் கேட்டு என் ஞாயிற்றுக்கிழமையை விற்றாய்?

நீ பிறந்ததிலிருந்து இந்தக் கூடத்தில் ஞாயிறன்று பாய்லர் எரிந்ததில்லை. அன்று நான் கால்வாய்க்குத் தூண்டில் போடப் போகிறவன். மீன் ஒன்றும் மாட்டுவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். இத்தனை வருடம் நான் போட்ட தீனிக்கு அந்தக் கால்வாய் மீன்களெல்லாம் என்னைச் சித்தப்பா என்று கூப்பிட வேண்டும். ஆனாலும் அது என் நாள்.

போன வாரம் உன் கவுண்டரில் சொன்னதை நான் வாபஸ் வாங்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு யாருக்கம்மா சட்டை வேண்டும்? 'தூக்கம் வராதவர்கள் கடை' என்று பலகை மாட்டச் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பாதி முதலாளி


மார்ச் 4, புதன்

அப்பாவுக்கு,

நீங்கள் வேடிக்கையாக எழுதினால் நான் சிரித்துவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். போன வாரம் அந்தப் பலகை ஜோக்குக்கு வாடிக்கையாளர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து மீதிச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் ஒருவர் வந்து "தூக்கம் வந்துச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். உங்களுக்கு ஒரு ஜோக். அதைத் தினமும் சுமப்பது நான்.

ஹோட்டல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மீனைப் பற்றி ஒரு கதை சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் கூடத்தைவிட்டு வெளியே வருவதே அபூர்வம். அதனால் சொல்கிறேன். இந்தப் பக்கத்து ஆபீஸ்காரர்களில் பாதிப் பேர் இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். கேமராவுக்குச் சட்டையின் மேல்பாதி தெரிந்தால் போதும், அதற்கும் இஸ்திரி வேண்டாமாம். சட்டை குறைந்துவிட்டது, கவுண்டர் வாடகை குறையவில்லை. ஹோட்டல் கிடைக்காவிட்டால் வருடக் கடைசியில் இரண்டு இடத்தில் ஒன்றை மூட வேண்டும். ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமையும் ஆட்கள் படுக்கிறார்கள், அப்பா. விரிப்பு அன்றைக்கும் அழுக்காகிறது.

கடையில் பாதி எனக்கு என்று எழுதிக் கொடுத்தது நீங்கள்தான். என் பாதி பாய்லர் இந்த ஞாயிறு எரியும். மடிப்பு அண்ணனிடம் பேசிவிட்டேன், இரட்டைக் கூலி. கூடத்துச் சாவி என்னிடம் ஒன்று இருக்கிறது. நீங்கள் தாராளமாகத் தூண்டில் போடப் போங்கள்.

என் துணிகளை நீலப் பையில் போட்டு இதே வண்டியில் அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். வெள்ளைச் சட்டைகள் அடுத்த வாரத்துக்கு வேண்டும் என்று சொல்லுங்கள்.

மற்ற பாதி


மார்ச் 6, வெள்ளி

மற்ற பாதிக்கு,

பாதி பாய்லர் எரியும் என்று எழுதியிருக்கிறாய். மேல் பாதியா, கீழ் பாதியா? கீழே எரிந்தால் மேலே என் பாதியும் சூடாகுமே, அதற்கு நீ வாடகை தருவாயா?

நீ சம்பாதிப்பதை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் காசு பிடிக்கும். அதற்குத்தான் என்னைப் பிடிக்காது. ஆனால் நீ வாழ்கிற லட்சணத்தை வேன் டிரைவர் ஹாரன் வந்து சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. கவுண்டருக்குப் பின்னால் கோட்டுகள் தொங்குகிற அறையில் பாய் விரித்துப் படுக்கிறாயாம். கல்லா மேஜை ஓரத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாயாம், வாயில் சோற்றோடு ரசீது போடுகிறாயாம். "முதலாளி, பொண்ணு கோட்டுக்கு நடுவுல கோட்டாட்டம் இருக்கு" என்றார். ஞாயிறு தவறாமல் நீச்சலுக்குப் போனவள் நீ. உன் நீச்சல் பை இன்னும் வீட்டுக் கொக்கியில்தான் தொங்குகிறது. உள்ளே ஒரு பல்லி குடித்தனம் நடத்துகிறது. அதற்காவது வாடகை வாங்கு.

நீலப் பை வந்தது, அம்மாவிடம் கொடுத்தாயிற்று. "எதுக்கு முதலாளி அக்கா கையால துவைக்கணும், ஒரு ஓரமா மெஷின்ல போட்டுடலாமே" என்றான் மடிப்பு. கூடாது என்றேன். வீட்டுத் துணி கடை மெஷினைத் தொடக் கூடாது. இது இந்தக் கூடத்தின் சட்டம். ஆரம்ப காலத்தில் என் ஓட்டைப் பனியன் ஒன்று எப்படியோ நீதிபதி வீட்டு மூட்டைக்குள் போய், அவர் அதைத் தலை வழியாகப் போட்டும் பார்த்துவிட்டார். "என்னுடையது இவ்வளவு காற்றோட்டமாக இராதே" என்று திருப்பி அனுப்பியவர் பிறகு நம் பக்கம் வரவே இல்லை. அன்று போட்ட சட்டம்.

ஞாயிறு விஷயத்துக்குக் கடைசியாக ஒன்று. சாவி உன்னிடம் இருக்கலாம். சாவியால் கதவுதான் திறக்கும்.

அப்பா


மார்ச் 8, ஞாயிறு
கூடத்திலிருந்து

அப்பா,

ஸ்டீம் வால்வைத் திருப்புகிற சக்கரம் எங்கே?

காலையிலிருந்து நானும் மடிப்பு அண்ணனும் தேடினோம். பாய்லர் பற்றவைத்தாயிற்று. ஸ்டீம் உள்ளே நிற்கிறது, மெஷினுக்கு வர வழியில்லை. வால்வின் தலையில் வெறும் கம்பி. "நேத்து சாயங்காலம் இருந்துச்சு, நான் என் கண்ணால பாத்தேன்" என்று மடிப்பு அண்ணன் வேறு யாருடைய கண்ணாலோ பார்த்தவர் மாதிரி நெளிகிறார். வேறு வழியில்லாமல் பாய்லரை அணைத்தோம்.

ஐம்பத்தெட்டு வயது மனுஷர் செய்கிற வேலையா இது? சின்னப் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போவது போல!

வீட்டுக்குப் போனேன், நீங்கள் இல்லை. அம்மா பின்பக்கம் தொட்டியில் இரண்டு கையையும் விட்டு என் வெள்ளைச் சட்டைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "எத்தனை விரிப்பு அவசரமா வேணும்?" என்று கேட்டாள். சொன்னேன். "கொண்டு வா" என்றாள். கொண்டு போனேன். அவள் துவைத்தாள், நான் பிழிந்தேன். நடுவில் ஹோட்டலிலிருந்து போன் வந்ததால் ஓட வேண்டியதாயிற்று.

திங்கள் காலை சக்கரம் வால்வில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என் பாதியை விற்றுவிடுவேன். வாங்க ஆள் இருக்கிறது. அவர்கள் உங்களை ஞாயிறு மட்டுமல்ல, வாரம் முழுக்க மீன் பிடிக்க அனுப்புவார்கள்.


மார்ச் 9, திங்கள்

விற்கப் போகிறவளுக்கு,

சக்கரம் கால்வாயில் இருக்கிறது.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன், சாயங்காலம் கொண்டுவந்து மாட்டிவிடுவதாகத் திட்டம். மீன் கடிக்கிறது என்று நினைத்துக் குனிந்தேன். கடித்தது மீன் இல்லை, தக்கையில் சிக்கிய பாசி. குனிந்த வாக்கில் பையிலிருந்து ப்ளக் என்று போய்விட்டது. இத்தனை வருடத்தில் அந்தக் கால்வாய்க்கு நான் போட்டதிலேயே கனமான தீனி அதுதான். காலையில் ஃபிட்டரைக் கூட்டி வந்து, அவன் பேச்சையும் கேட்டு, மத்தியானத்துக்குள் புதுச் சக்கரம் மாட்டியாயிற்று. என் காசு. உன் பாதியில் கை வைக்கவில்லை. சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்.

இனி நான் சிரிக்காத விஷயம். நேற்று வீடு திரும்பினால் பின்பக்கம் முழுக்க ஹோட்டல் பெயர் போட்ட விரிப்புகள் கொடியில் ஆடுகின்றன. வீடு மாறி வந்துவிட்டேனோ, இல்லை நீ நம் வீட்டையும் லாட்ஜுக்குக் கொடுத்துவிட்டாயோ என்று வாசலிலேயே நின்றேன். உள்ளே உன் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் டம்ளரை நீட்டினேன். விரல் மடங்கவில்லை. உள்ளங்கை இரண்டாலும் அணைத்துப் பிடித்துக் குடித்தாள்.

பெற்றவளை ஹோட்டலுக்கு மெஷினாக்கி ஓட்டியிருக்கிறாய். அந்த ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்தும் இருக்கிறதா? எவனோ புரண்டு படுத்த விரிப்பை அவள் கையால் கசக்க வைத்துவிட்டு, போன் வந்தது என்று ஓடினாயாம். ஓடு. நல்லா ஓடு. காசு முன்னால் ஓடுகிறது, விட்டுவிடாதே.


மார்ச் 10, செவ்வாய்

அப்பாவுக்கு,

நீங்கள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகாமலிருந்தால் அம்மா விரிப்பைத் தொட்டிருக்க மாட்டாள். அதைச் சௌகரியமாக மறந்துவிட்டீர்கள்.

அம்மாவின் விரல் உங்களுக்கு இந்த ஞாயிறன்றுதான் தெரிந்ததா? உங்கள் சட்டம் ஒன்று இருக்கிறதே, வீட்டுத் துணி மெஷினைத் தொடக் கூடாது என்று? நீதிபதி கதையை விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பீர்களே? அந்தச் சட்டத்தை இத்தனை வருடமாக நிறைவேற்றியது யார்? ஊரிலேயே பெரிய சலவை மெஷின் வைத்திருப்பவரின் பெண்டாட்டி ஞாயிறுதோறும் தொட்டியில் கைவிட்டுத் துவைக்கிறாள். வீட்டுக்காரர் அந்த நேரத்தில் கால்வாய்க் கரையில் மனநிம்மதியோடு உட்கார்ந்திருக்கிறார். வேலை முக்கியமா, வாழ்க்கை முக்கியமா என்று எனக்குப் பாடம் வேறு நடத்துகிறார்.

உங்கள் ஞாயிறு ஓய்வு நாள் இல்லை, அப்பா. உங்கள் வேலையை அம்மாவுக்கு மாற்றிவிடுகிற நாள்.

நான் செய்தது தப்புதான். ஒரு ஞாயிறு செய்தேன். நீங்கள் எத்தனை?


மார்ச் 12, வியாழன்

மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தேன். நல்லதாக ஒரு வசவு கூட வரவில்லை. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் உன் கடிதத்தையே அம்மாவிடம் படித்துக் காட்டினேன். 'பார் உன் மகள் என்னை என்னவெல்லாம் எழுதுகிறாள்' என்று நியாயம் கேட்கத்தான் படித்தேன்.

அவள் முழுக்கக் கேட்டாள். "நல்லா எழுதியிருக்கா" என்றாள்.

பிறகு எழுந்து போய் உன் நீலப் பையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். நேற்று புதன்கிழமை மறுபடி அழுக்கோடு வந்தது, அவிழ்க்கவே இல்லை. "இவளோடது மட்டும் தானா நடந்து வந்து தானா வெளுத்துப் போகுதாமா? அவ பை அவகிட்டயே போகட்டும். உங்களுது உங்ககிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழம நான் வீட்ல இல்ல."

"எங்க போற?"

"மீன் பிடிக்க."

"உனக்குத் தூண்டில் போடத் தெரியாதே."

"உங்களுக்குத் தெரியுமா?"

அவ்வளவுதான் நடந்தது. ஒரு எழுத்துக் கூட்டவில்லை. நீலப் பை இந்த வண்டியில் வருகிறது. அழுக்கு அழுக்காகவே இருக்கிறது. ஒரு ஞாயிறு என்று கணக்குச் சொன்னாயே, அந்தப் பை எத்தனை ஞாயிறு இங்கே வந்து போனது என்பதையும் சேர்த்துக்கொள். எனக்குக் கணக்கு வராது. எட்டாம் வகுப்பு.


மார்ச் 14, சனி

அப்பாவுக்கு,

இது உங்கள் வேலை என்று எனக்குத் தெரியும். அம்மாவை எனக்கு எதிராகத் திருப்பிவிட்டு, நடுவில் ஒன்றும் தெரியாதவர் போல் நிற்கிறீர்கள். அம்மாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அவளாக இப்படிப் பேசுகிறவள் இல்லை.

நாளைக்கு ஹோட்டல் விரிப்போடு கூடத்துக்கு வருவேன். பாய்லர் எரியும். எந்தச் சக்கரமும், எந்த நட்டும், எந்த ஆணியும் உங்கள் சட்டைப் பையில் இருக்கக் கூடாது. நீங்கள் அங்கே வராமலிருப்பது எல்லோருக்கும் நல்லது.


மார்ச் 16, திங்கள்

மகளுக்கு,

வராமலிரு என்றாய். வந்தேன். உன்னைத் தடுக்க வரவில்லை என்பது என் கையிலிருந்த மூட்டையைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். போட்டுக்கொள்ள ஒரு சட்டை இல்லை. தொட்டியில் நானும் துவைத்துப் பார்த்தேன். சோப்பு நுரையெல்லாம் என் மேல், அழுக்கெல்லாம் துணி மேல். முப்பது வருடம் ஊர்த் துணியை வெளுத்தவன், ஒரு பனியனிடம் தோற்றேன்.

உள்ளே வந்தால் நீ நிற்கிறாய், கையில் நீலப் பை. இரண்டு முதலாளியும் ஆளுக்கொரு அழுக்கு மூட்டையோடு நின்றோமே, அந்தக் காட்சியைப் பார்த்த மடிப்பின் முகம் இருக்கிறதே! பாவம், அவன் நடுவில் மாட்டிக்கொண்டான். "வீட்டுத் துணியப் போடலாமான்னு அவர்கிட்ட கேளுங்க அண்ணே" என்று நீ. "சட்டம் இன்னைக்கு லீவுன்னு அவகிட்டச் சொல்லுடா" என்று நான். இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு அவன் வழியாகவே பேசினோம். கடைசியில் அவனே இரண்டு மூட்டையையும் பிடுங்கி ஒரே மெஷினில் தள்ளிக் கதவைச் சாத்தினான். "இது கூட ஒண்ணாச் சுத்துது" என்று முனகினான்.

பிறகு ஹோட்டல் விரிப்பு. நீ ஓட்டினாய், இருட்டும் வரை ஓட்டினாய். நான் ஒரு விரிப்புக்கூடத் தொடவில்லை. தொட்டிருந்தால் நீ ஜெயித்த மாதிரி ஆகிவிடும். ஓரமாக உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை ஸ்டீமில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெஷின் மேல் கைவைத்து நின்றபடியே கண்ணை மூடினாய். மடிப்பு கூப்பிட்டதும் "இதோ" என்றாய். கண்ணைத் திறக்காமலே "இதோ" என்றாய்.

நீ கவுண்டருக்குப் போன பிறகு நடந்ததை உனக்கு எழுத வேண்டும். உன் அம்மா இருட்டின பிறகு வீட்டுக்கு வந்தாள். தூண்டிலைச் சுவரில் சாய்த்தாள். தூண்டிலில் புழு போட்ட இடத்தில் புழு அப்படியே இருந்தது. கேலியாகச் சிரிக்கலாம் என்று நினைத்து, "என்ன மாட்டுச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் மாட்டல," என்றாள். "காலையிலேருந்து யாரும் என்னைக் கூப்பிடல. அது போதும்."

சாப்பிட்டாயா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஆமால்ல, நான் சாப்பிடவே இல்ல" என்றாள். அதைச் சொல்லும்போது சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாளாயிற்று. அடுத்த ஞாயிறும் போகிறாளாம். தூண்டில் இனி என்னுடையது இல்லையாம்.

ஆகவே கால்வாயும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நான் சும்மாதான் இருக்கிறேன். அதற்காகப் பாய்லருக்குச் சம்மதம் என்று அர்த்தம் இல்லை. வேண்டுமானால் சனிக்கிழமை இருட்டின பிறகும் எரியட்டும், நானே நின்று ஓட்டுகிறேன். உனக்காக இல்லை. மடிப்புக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உன் துணி இந்த மூட்டையில் இருக்கிறது. இஸ்திரி போட்டது நான். காலரைப் பார்த்துத் திட்டாதே.

அப்பா


மார்ச் 19, வியாழன்

அப்பாவுக்கு,

காலரைப் பார்த்தேன். திட்டினேன்.

'யாரும் என்னைக் கூப்பிடல' என்ற வரியைப் படிக்கும்போது கவுண்டர் மணி அடித்தது. போய்ச் சட்டையைக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். மறுபடி மணி அடித்தது. மூன்றாவது தடவை நான் எழுந்திருக்கவில்லை. அந்த ஆள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். ஒன்றும் ஆகவில்லை.

ஹோட்டலில் பேசினேன். சனிக்கிழமை இரட்டிப்பாக வெளுத்துத் தருகிறோம், ஞாயிறு முடியாது என்றேன். அவர்கள் ஒன்றும் கைதட்டவில்லை. மூன்றில் ஒரு பங்கை வேறு சலவைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். பின்பக்க அறையைத் திருப்பிக் கொடுத்து வாடகையைக் குறைக்கப் போகிறேன். கவுண்டர் இனி எட்டு மணிக்குச் சாத்தப்படும். அப்படியும் வருடக் கடைசியில் கை கடித்தால், என்னைக் கேட்கக் கூடாது. இது நீங்கள் ஜெயித்ததாகவும் இல்லை. உங்கள் நம்பரை நான் திறக்கவில்லை. சக்கரத்தை நான் மறக்கவில்லை.

அறையைக் காலி செய்தால் வீட்டுக்குத்தான் வர வேண்டும். அதை நினைத்தால் எனக்கும் சந்தோஷமாக இல்லை. என் நீச்சல் பையைத் துவைத்து வையுங்கள். நீங்கள் துவையுங்கள், அம்மா இல்லை. பல்லியை முதலில் இறக்கிவிடுங்கள்.

இன்னொன்று. இன்று காலை ஹோட்டல் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் இரண்டு விரலால் தூக்கி வைத்தது போல ஒரு பனியன். தலையணை உறைகளுக்கு நடுவில் வந்ததாம். இடது பக்கம் ஓட்டை, முதுகில் ஓட்டை. "இது எந்த ரூம் கெஸ்ட்டோடது?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அறையில் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க அப்பாவோடது," என்றேன்.

பனியன் கவுண்டரில் இருக்கிறது, சீட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், கட்டணம் உண்டு. சனி இரவு எட்டு மணிக்குள் வரவும். ஞாயிறு விடுமுறை.